வாக்கு மாற்றமும் மரபு மாற்றமும்

தேர்தல் முடிவு வெளிவந்தவுடன் மக்கள் மனம் மாறிவிட்டது என்று கூறுதல் எளிது. அம்மாற்றம் நிலைபெறுவதா, ஒருபொழுதைய சினத்தின் விளைவா எனத் துணிதலே அரிது. இவ்வினாவை முறையாக ஆராய்ந்தோருள் அமெரிக்க அரசியலறிஞர் குறிப்பிடத்தக்கோர் ஆவர்.

வாக்காளரின் பழைய கட்சிப் பிணைப்பை முறித்துப் புதியதொன்றை நெடுங்காலத்துக்கு நிறுவும் தேர்தலைத் திருப்புமுனைத் தேர்தல் என வி. ஓ. கீ என்பார் 1955 ஆம் ஆண்டில் வேறுபடுத்திக் காட்டினார். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் நால்வர் 1960 இல் வெளியிட்ட ‘அமெரிக்க வாக்காளர்’ என்னும் நூல், கட்சிப்பற்றும் சமயப்பற்றைப் போலப் பெரும்பாலும் பெற்றோர்வழி வருவதே எனக் காட்டியது. பற்று அறாதவிடத்து, ஒருமுறை விலகிச் சென்றவரும் மீண்டும் தம் கட்சியையே சார்வர். 1952 இலும் 1956 இலும் குடியரசுக் கட்சியின் ஐசனோவர் வெற்றி பெற்றார். எனினும், தம்மைச் சனநாயகக் கட்சியினர் எனக் கூறிக்கொண்ட வாக்காளரே அக்காலத்தும் மிகுதியாயிருந்தனர். இத்தகையது விலகல் தேர்தல் எனப்படும்.

இக்கருத்தை யாழ்ப்பாணத்து வரலாற்றோடு பொருத்திப் பார்த்தல் தகும். 1949 இல் தோன்றிய தமிழரசுக் கட்சி 1952 இல் இரண்டு ஆசனங்களையே பெற்றது. அதன் தலைவர் சா. ஜே. வே. செல்வநாயகமும் காங்கேசன்துறையில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் சு. நடேசபிள்ளையிடம் தோல்வியுற்றார். பின்னர்ச் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் கொள்கையைத் தென்னிலங்கைப் பெருங்கட்சிகள் இரண்டும் மேற்கொண்டன. 1956 இல் தமிழரசுக் கட்சி 10 ஆசனங்களை வென்றது. 1960 மார்ச்சில் 15, யூலையில் 16, 1965 இல் 14, 1970 இல் 13 என அதன் வலிமை நிலைத்தது. ஆகவே 1956 ஐத் திருப்புமுனை என்று கொள்ளச் செய்வது அவ்வாண்டின் வெற்றி மட்டுமன்று; பின்வந்த நான்கு தேர்தல்களுமேயாம்.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களுள் 3 ஐப் பெற்று முதலிடம் அடைந்தது. ஆயின் அது பெற்ற வாக்குகள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கே. தமிழ்க் கட்சிகளுக்கும் சுயேச்சைக் குழுக்களுக்குமிடையே ஏனைய வாக்குகள் பலவாறு சிதறின. விகிதாசார முறையில் முதலிடம் பெறும் கட்சிக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் உரியதாதலும் அதற்குத் துணையாயிற்று. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் அம்மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னிலை பெற்றது. உள்ளூராட்சித் தேர்தல் பாராளுமன்றத் தேர்தலோடு முற்றும் ஒப்பிடத்தக்கதன்று. எனினும், மரபு அறுந்துவிட்டது என விரைந்து முடிவுகட்டலாகாது என்பதை அது உணர்த்துகின்றது.

தோற்ற கட்சி, ‘இது விலகலே’ என எண்ணி வாளாவிருப்பின் தன் குறையைக் காணாது. வென்ற கட்சி, ‘இது திருப்புமுனையே’ எனச் செருக்குறின் வந்தவரை இழக்கும். பெற்றோர் தந்த பற்றை இளந்தலைமுறை பேணுமா, ஆராய்ந்து மாற்றுமா என்பதை இனிவரும் தேர்தல்களே உரைக்கும்.