செல்ஃப் எடுக்காத மத்தியானம்

ஜூன் பிறந்துவிட்டால் என் போனில் வாய்ஸ் நோட்டுகள் வரிசைகட்டும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் கால் போகாது, குரலைப் பதிவு செய்து அனுப்பலாம். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் நான் வேலை பார்க்கும் கராஜுக்கு வரும் டெலிவரி ரைடர்கள், வண்டி வழியில் நின்றுவிட்டால் அனுப்புவது சத்தத்தைத்தான். "அண்ணே, இதக் கேளுங்க" என்று ஒரு பேச்சு, அடுத்து செல்ஃப் பட்டனை அமுக்கும் சத்தம். கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

பரமக்குடியில் தொழில் பழகியபோது, ஸ்டார்ட் ஆகாத வண்டி வந்தால் பிளக்கைக் கழற்றித் துடை என்பதுதான் முதல் பாடம். வளைகுடாவில் நான் முதலில் பார்ப்பது பேட்டரியை. ஈயத் தகடும் அமிலமும் கொண்ட இந்த பேட்டரியை 1859-ல் பிரான்ஸில் காஸ்தோன் பிளான்தே செய்தார். உள்ளே நடக்கும் வேலை இன்றும் அதேதான். சுமார் 25 டிகிரியில் அது நிம்மதியாக உழைக்கும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பது தொழிலில் இருப்பவர்கள் போடும் கணக்கு. 2025 மே 24-ஆம் தேதி அமீரகத்தின் ஸ்வைஹானில் 51.6 டிகிரி பதிவானது. அது வானிலை நிலையத்தில், நேர் வெயில் படாத கருவி காட்டிய சூடு. கொதிக்கிற தார் ரோட்டுக்கு மேலே, எஞ்சினுக்குப் பக்கத்தில், மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் பேட்டரியின் கதியை யோசித்துப் பாருங்கள். உள்ளே நீர் வற்றும், தகடு அரிக்கும். பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் வந்தால் பேட்டரிக்குப் பயப்படுவார்கள். நமக்கு இங்கே பயம் வெயிலில்தான்.

இனி சத்தங்களுக்கு வருவோம்.

சாவியைத் திருப்பினால் மீட்டரில் வெளிச்சமே இல்லை, பட்டனை அமுக்கினாலும் மூச்சுப் பேச்சில்லை என்றால், ஃபியூஸ் போயிருக்கும் அல்லது பேட்டரி டெர்மினல் நட்டு தளர்ந்திருக்கும். நாள் முழுக்க அதிரும் வண்டியில் நட்டு தளர்வது சகஜம். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள். பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டிக்குள்ளேயே ஸ்பேர் ஒன்று இருக்கும். வெளிச்சம் வருகிறது, ஆனால் செல்ஃப் சத்தமே இல்லை என்றால் கில் ஸ்விட்சைப் பாருங்கள். வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை முழுதாகப் பிடித்து, சைடு ஸ்டாண்டை மேலே தூக்கிவிட்டு மறுபடி அமுக்குங்கள். இந்த மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டால் செல்ஃபே சுற்றாதபடி அமைத்த வண்டிகள் உண்டு.

அதிகமாக என் காதுக்கு வருவது இரண்டாவது சத்தம்: 'டக் டக் டக் டக்'. மோட்டாரைச் சுற்றவைக்கக் கரண்ட் போதாமல் ரிலே துடிக்கும் சத்தம் அது. மல்டிமீட்டரை வைத்தால், முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே வந்துவிட்டால் அதை நம்பி ரோட்டுக்குப் போக முடியாது. 12.6 காட்டுகிற பேட்டரியும் ஏமாற்றும். செல்ஃபை அமுக்கிக்கொண்டே முள்ளைப் பாருங்கள், சட்டென்று 9-க்குக் கீழே விழுந்தால் உள்ளே சரக்கு தீர்ந்துவிட்டது. பேட்டரி நல்லதாக இருந்து அடிக்கடி இறங்குகிறது என்றால் சார்ஜிங்கைச் சோதிக்க வேண்டும். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி ஓடவிட்டால் மீட்டர் 13.5-க்கும் 14.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இறங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹேண்டில்பாரிலேயே இருக்கும். ரைடருக்கு போன்தான் சோறு. ஆர்டர் வருவது அதில், வழி காட்டுவது அதில். அதனால் சார்ஜர் ஒயரை நேராக பேட்டரியில் கோத்துவிடுகிறார்கள். சாவியை எடுத்த பிறகும் அது இரவெல்லாம் கரண்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதோடு கடைக்குக் கடை, கட்டடத்துக்குக் கட்டடம் வண்டியை நிறுத்தி நிறுத்தி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் செல்ஃப் தின்ற கரண்டை, சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் சின்ன ஓட்டம் திருப்பித் தராது. சார்ஜர் ஒயரை சாவி போட்டால் மட்டும் கரண்ட் போகும் லைனில், தனி ஃபியூஸ் வைத்துக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். நானே கேட்டுக் கேட்டு மாற்றிக் கொடுப்பேன்.

மூன்றாவது, 'கிர்ர்ர்' என்று எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. இங்கே பேட்டரியை விட்டுவிடுங்கள். எஞ்சின் பிடிக்க பெட்ரோல், காற்று, நெருப்புப்பொறி மூன்றும் வேண்டும், அமுக்கமும் வேண்டும். ஐந்து விநாடிக்கு மேல் பட்டனைப் பிடிக்காதீர்கள், நடுவில் கொஞ்சம் ஆறவிடுங்கள். எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது. பொறியைச் சோதிக்க பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகப் படும்படி, பிளக் துளையை விட்டுத் தள்ளி வைத்துச் சுற்றவிடுங்கள். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது. நீலமாகச் சுள்ளென்று அடித்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பி வந்தால் பிளக்கை மாற்றுங்கள். டி.டி.எஸ்.ஐ. பல்சரில் பிளக் இரண்டு. ஒன்று செத்தாலும் வண்டி இழுவையில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், பிறகு ஒருநாள் நின்றுவிடும்.

இந்த ஊர் மணலுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குக்குள் காற்று போக மூடியில் சின்ன ஓட்டை உண்டு. ஷமால் என்கிற புழுதிக் காற்று அடிக்கும் நாட்களில் தூசி அதை அடைத்துவிடும். வண்டி கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், திணறும், நிற்கும். சற்று நேரம் கழித்து, எதையும் சரிசெய்யாமலே மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஆள் குழம்பிப் போவார். நின்ற உடனே டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்து, அடுத்த உதையில் வண்டி எடுத்தால் காரணம் அந்த ஓட்டைதான். ஏர் ஃபில்டரையும் ஊரில் கழற்றுவதைவிட இங்கே அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் இன்னொன்று. மத்தியானம் ஓடி வந்த வண்டியைப் பத்து நிமிஷம் வெயிலில் நிறுத்தினால், எஞ்சின் சூட்டில் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகிக் கொதித்து உள்ளே வழிந்துவிடும். அப்போது சோக்கைத் தொடவே கூடாது. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், மிஞ்சிய பெட்ரோல் வெளியேறி எடுத்துவிடும். கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் சாவி போட்டதும் டேங்க்குக்குள் இரண்டு விநாடி 'ஊஊ' என்று பம்ப் பாடும். அது பாடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று தேடுங்கள். பேட்டரி சுத்தமாக இறங்கிய எஃப்.ஐ. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயலவே வேண்டாம். பம்புக்கும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் இல்லாமல் எவ்வளவு தள்ளினாலும் எடுக்காது, வெயிலில் தள்ளுகிறவர்தான் விழுவார்.

இதை நான் எல்லாரிடமும் கெஞ்சிச் சொல்வேன். ஆர்டர் லேட்டாகும் பதற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் குந்திவிடாதீர்கள். "தம்பி, மொதல்ல நெழலுக்குப் போ, தண்ணி குடி, அப்புறம் எனக்குச் சத்தம் அனுப்பு" என்பதுதான் என் முதல் பதில். தலை சுற்றி, வேர்வை நின்று, தோல் காய்ந்து சுட்டால் அது உயிர் போகிற விஷயம், ஆம்புலன்ஸுக்கு 998 அடியுங்கள். கத்தார் 2022 கோடையில் டெலிவரி பைக்குகளை காலை 10 முதல் மாலை 3.30 வரை நிறுத்தியது. குவைத்திலும் கோடையில் 11 முதல் 4 வரை அவை ஓடக் கூடாது. அமீரகத்தில் ரைடர்களுக்கென்று ஏசி வைத்த ஓய்வு நிலையங்கள் வந்திருக்கின்றன. உங்கள் ரூட்டில் அவை எங்கே என்று தெரிந்துவைத்திருங்கள், அங்கே உட்கார வெட்கப்படாதீர்கள். நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் வண்டியை ஓரங்கட்டி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள்.

மழையை இங்கே யாரும் நினைப்பதில்லை. 2024 ஏப்ரல் 16 நினைக்க வைத்தது. அல் ஐன் பக்கத்து கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மி.மீ. கொட்டியது. 1949-ல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமீரகம் காணாத மழை. தண்ணீரில் முங்கிய வண்டியில் செல்ஃபைத் தொட்டால், சிலிண்டருக்குள் புகுந்த நீரை பிஸ்டன் அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு எஞ்சினைச் சுற்றி நீரைத் துப்பவிடுங்கள். ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தால் அதை வடித்துப் புதிது ஊற்றாமல் ஓட்டாதீர்கள்.

வண்டி வைத்திருக்கும் தம்பிமார்கள் மே மாதக் கடைசியில் ஒரு தடவை கராஜுக்கு வாருங்கள். பேட்டரியை லோடு போட்டுச் சோதிக்கப் பத்து நிமிஷம் போதும். புதிது வாங்கினால் அதில் அச்சடித்த மாதத்தையும் வருஷத்தையும் பாருங்கள், கடை அலமாரியிலேயே ஒரு கோடையைக் கழித்த பேட்டரி வேண்டாம். சீட்டுக்கு அடியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், இரண்டு ஃபியூஸ் போட்டு வையுங்கள். கிக்கர் உள்ள வண்டி என்றால் வாரத்தில் ஒரு நாளாவது உதைத்து எடுங்கள், துருப்பிடிக்காமல் இருக்கும்.