வண்டி சாய்ந்த பிறகு சைலன்சர் ஆடுகிறதா? தள்ளிப்போட்டால் செலவு கூடும்!

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே சுமார் 30 கி.மீ. தூரம்தான். தினமும் பைக்கில் போய்வருபவர்களுக்கு இந்தப் பக்கத்துச் சாலைகள் அத்துப்படி. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள், சாலையோரம் படியும் புழுதி, தூறல் விழுந்தால் அதுவே வழுக்கும் சேறு. மெதுவாகத் திரும்பும்போதுகூட வண்டி சரிந்துவிடும். ஆளுக்கு அடியில்லை, இண்டிகேட்டரும் உடையவில்லை. தூக்கி நிறுத்திக் கிளம்பினால் கீழே ‘கடகட’வென்று ஒரு சத்தம். சைலன்சர் லூஸ்!

“ஓடுறவரைக்கும் ஓடட்டும், சம்பளம் வந்ததும் பார்த்துக்கலாம்” என்று விட்டால் என்ன ஆகும்?

எதில் நிற்கிறது சைலன்சர்?

பெரும்பாலான பைக்குகளில் இதற்கு இரண்டு பிடிமானங்கள். முன்னால், இன்ஜின் ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் இரண்டு ஸ்டட்கள், அவற்றின் மேல் நட்டுகள். புகை கசியாமலிருக்க நடுவில் ஒரு கேஸ்கெட் வளையம். பின்னால், பின்சீட்டு ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் ஒரு பிராக்கெட், அதில் ஒரு போல்ட்.

பின்பக்க போல்ட் கழன்றால், ஒவ்வொரு பள்ளத்திலும் மொத்த ஆட்டமும் முன்பக்க ஸ்டட்டுக்குப் போகும். அது அலுமினிய ஹெட்டுக்குள் முறிந்துவிட்டால், டிரில் போட்டு எடுத்து, புதிதாக மரை போட வேண்டும். ஒரு போல்ட்டோடு முடிய வேண்டிய வேலை லேத் பட்டறை வரை போய்விடும்.

சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம்

பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ‘கடகட’ என்றால், பெரும்பாலும் பின்பக்க போல்ட் அல்லது சைலன்சர் மேலுள்ள தகட்டு மூடி. ஆக்சிலேட்டர் முறுக்கும்போது ‘பட் பட்’ என்றால், முன்பக்க இணைப்பில் கசிவு. அங்கே கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 வண்டிகளில் கசிவை அலட்சியப்படுத்தக் கூடாது. பெண்ட் பைப்பில் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். கசிவு வழியே வெளிக்காற்று உள்ளே போனால், பெட்ரோல் குறைவாகப் போவதாக சென்சார் தப்பாகக் காட்டும். உடனே கூடுதல் பெட்ரோல் பாயும், மைலேஜ் அடிவாங்கும்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். ஆனால் முதலில் சைலன்சர் முழுசா ஆறட்டும். அவசரப்பட்டால் கை வெந்துவிடும். அப்படிச் சுட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க் எதுவும் தடவ வேண்டாம்.

* பெரும்பாலும் 10, 12 நம்பர் ஸ்பேனர்களே போதும்.
* முதலில் எல்லா நட்டுகளையும் கையால் மாட்டி, சைலன்சரை நேராக உட்காரவையுங்கள். வளைத்து இழுத்து போல்ட் மாட்டினால் பிராக்கெட் விரிசல் விடும்.
* முன்பக்க நட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் கேஸ்கெட் சாய்ந்து, கசிவு நிற்காது.
* கடைசியாகப் பின்பக்க போல்ட். வாஷர் தொலைந்திருந்தால் புதிது போடுங்கள்.
* பலம் இருக்கிறதே என்று முறுக்காதீர்கள். மரை போய்விடும்.

வலது பக்கம் விழுந்த வண்டியில் பிரேக் பெடலையும் பாருங்கள். வளைந்து சைலன்சரில் உரசினால் பிரேக் சரியாகப் பிடிக்காது.

வழியில் கழன்றால்?

கட்டுக்கம்பியால் கட்டி, பக்கத்து மெக்கானிக் கடை வரை மெதுவாகப் போகலாம். நைலான் கயிறு, சைக்கிள் டியூப் வேண்டாம், சூட்டில் உருகிவிடும். சைலன்சர் பின் டயரில் உரசினாலோ தரையில் இழுபட்டாலோ ஓட்டவே வேண்டாம்.

மெக்கானிக்கிடம் எப்போது?

ஸ்டட் முறிந்தால், பைப்பில் விரிசல் தெரிந்தால், சென்சார் ஒயர் அறுந்தால் ஒர்க்‌ஷாப்தான். வெல்டிங் வைப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டியின் எலெக்ட்ரானிக் பாகங்கள் பழுதாகலாம்.

சத்தம் கெத்தா இருக்கு என்று அப்படியே ஓட்டுபவர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை வரம்பை மீறினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

இறுக்கியதோடு வேலை முடியவில்லை. புதிய கேஸ்கெட் சூட்டில் அமுங்கும். ஒரு தடவை அரியலூர் போய்த் திரும்பியதும், வண்டி ஆறிய பிறகு அந்த நட்டுகளை இன்னொரு முறை சரிபார்த்துவிடுங்கள்.