எந்த மென்பொருளில் வெட்டுவது? படம் எடுக்கும் மாணவர்களுக்குச் சில யோசனைகள்

பந்திங்கில் படிக்கும் மூன்று நண்பர்கள் பள்ளி விடுமுறையில் மோரிப் கடற்கரைக்குப் போய் ஒரு குறும்படம் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேமரா கைத்தொலைபேசிதான். நடிப்பவர்கள் பக்கத்து வீட்டு அண்ணனும் பாட்டியும். இரண்டே நாளில் படப்பிடிப்பு முடிந்துவிடும். அதன் பிறகுதான் வாதம் தொடங்கும். ஒருவர் 'பிரீமியர்தான் வேண்டும்' என்பார். இன்னொருவர் 'டாவின்சி இலவசம்' என்பார். மூன்றாமவர் 'கேப்கட் போதாதா?' என்று கேட்பார். வாதம் முடிவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். எடுத்த காட்சிகள் தொலைபேசியிலேயே கிடந்து, இடம் போதவில்லை என்று ஒருநாள் அழிக்கப்படும்.

அந்த இழப்பைத் தவிர்க்க, முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே மென்பொருளால் மட்டும் நல்ல படங்கள் வருவதில்லை. 1994-இல் வெளிவந்த கமல்ஹாசனின் 'மகாநதி', அவிட் கணினியில் தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று குறிப்பிடப்படுகிறது. 2019-இல் வெளிவந்து ஆஸ்கார் வென்ற கொரியப் படம் 'பாரசைட்' தொகுக்கப்பட்டது ஃபைனல் கட் புரோ 7-இல். ஆப்பிள் நிறுவனம் 2011-லேயே கைவிட்ட பழைய பதிப்பு அது. தொகுப்பாளருக்குக் கைவந்த கருவி என்பதால் அதிலேயே முடித்தார். 2022-இல் வந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' பிரீமியரில் தொகுக்கப்பட்டு, படத்தொகுப்புக்கும் ஆஸ்கார் பெற்றது.

நம் நாட்டுக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015-இல் திரைக்கு வந்தது. அடுத்த ஆண்டு 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்வு பெற்றது. அதைப் பார்த்தவர்கள் நினைவில் நிற்பவன் அப்போய் என்ற சிறுவன்தான். எந்த மென்பொருளில் வெட்டினார்கள் என்பது பார்வையாளருக்குத் தேவையில்லை.

அப்படியானால் எதை வைத்துத் தேர்வு செய்வது?

முதலாவது, உங்கள் மடிக்கணினி. டாவின்சி ரிசால்வ் ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்த வண்ணச் சீரமைப்புக் கருவி. 2009-இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கியது. இன்று அதன் இலவசப் பதிப்பே ஒரு முழுப் படத்துக்குப் போதும். ஆனால் 16 ஜிபி நினைவகமும் நல்ல கிராபிக்ஸ் அட்டையும் இருந்தால்தான் அது சீராக ஓடும். வீட்டில் இருப்பது 8 ஜிபி கணினி என்றால் ஷாட்கட், கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள்களைப் பாருங்கள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் 'பிராக்ஸி' வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். பெரிய கோப்புகளின் சிறிய நகல்களை வைத்து வெட்டிவிட்டு, கடைசியில் அசல் கோப்புகளைக் கொண்டு படத்தை வெளியிடும் முறை இது. பழைய கணினிக்கு இது பெரிய துணை.

இரண்டாவது, பணம். பிரீமியருக்குச் சந்தா கட்ட வேண்டும். மாணவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் சந்தா நின்றால் மென்பொருள் திறக்காது. பாதி வெட்டிய படம் உங்கள் கணினியில் இருந்தும் தொட முடியாத நிலை வரும். படிவம் 5 முடித்துக் கல்லூரிக்குப் போகும் இடைவெளியில் மாதா மாதம் கட்ட முடியுமா என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். திருட்டுப் பதிப்பை இறக்குவது தீர்வாகாது. அதோடு வரும் வைரஸ் உங்கள் படத்தையே அழித்துவிடலாம்.

மூன்றாவது, தமிழ். பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். சில மென்பொருள்களில் தமிழ்த் தலைப்பைத் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பிரீமியரில் அமைப்புகளுக்குள் சென்று, தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை இயக்க வேண்டும். உங்கள் படத்தின் பெயரையும் நடிகர்களின் பெயர்களையும் முதல் நாளே அடித்துப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, ஒலி. கைத்தொலைபேசிகள் பெரும்பாலும் மாறும் பிரேம் வேகத்தில் பதிவு செய்கின்றன. அதனால் தொகுக்கும்போது உதடு ஓரிடத்திலும் குரல் ஓரிடத்திலும் போய்விடலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகு வெட்டத் தொடங்குங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 25 பிரேம் வைத்து எடுத்தால் வீட்டு விளக்குகள் படத்தில் மினுக்குவது குறையும்.

இவற்றை எல்லாம் ஒரே மாலையில் சோதித்துவிடலாம். படப்பிடிப்புக்கு முன்பே பாட்டியை ஒரு நிமிடம் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். அதை வெட்டி, தமிழில் தலைப்புப் போட்டு, ஒலியைச் சரிசெய்து, முழுக் கோப்பாக வெளியே எடுங்கள். அந்த ஒரு நிமிடம் தடங்கலின்றி முடிந்தால், அதுதான் உங்கள் மென்பொருள். படம் முடியும்வரை வேறொன்றுக்குத் தாவாதீர்கள். அசல் காட்சிகளை மட்டும் தனி வன்வட்டில் இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.

ஒரு காட்சியை எங்கே நிறுத்துவது, ஒரு முகத்தை எவ்வளவு நேரம் பார்க்க விடுவது என்பதை ஒன்றில் கற்றால், மற்ற எல்லாவற்றிலும் பயன்படும். அதைக் கற்றுக்கொள்ள ஒரே வழி, தொடங்கிய படத்தை முடிப்பதுதான். அடுத்த விடுமுறைக்குள் பாட்டி தன் படத்தைப் பார்த்துவிட வேண்டும்!