முப்பதாயிரம் ரூபாய் வண்டி எந்தத் தெருவில் ஓடும்?

போன தை மாதம் ராசிபுரத்தில் உறவினர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பிராம் நின்றது. உயர்ந்த ரகம். கைப்பிடிக்குத் தோல் உறை, பால்புட்டி வைக்கத் தனிக்குழி, சைக்கிள் சக்கரம்போல் பெரிய பின்சக்கரங்கள். உள்ளே குழந்தை இல்லை. மடித்த துணிகளும் ஒரு கட்டு முருங்கைக்காயும் இருந்தன. குழந்தை அடுத்த அறையில், அதன் அம்மாயியின் பழைய நூல் சேலையில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு ஆச்சுங்க?" என்றேன்.

"முப்பத்திரண்டாயிரமுங்க. அவங்க அப்பா வீட்டுச் சீரு. ரெண்டே தடவதான் வெளிய எடுத்தோம்" என்றார் குழந்தையின் தகப்பனார். இரண்டாவது தடவை தெருமுனைச் சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டதாம். பிள்ளையை மனைவி தூக்க, வண்டியை இவர் தோளில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

வெள்ளிக் கொலுசு, அரைஞாண், தொட்டில் என்று இருந்த பிறப்புச் சீர்ப் பட்டியலில் இப்போது இந்த வண்டியும் ஏறிவிட்டது. கேட்டு வாங்குகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். "அவங்க வீட்ல வாங்கிக் குடுத்தாங்களாம்" என்ற ஒரு பேச்சு போதும், பெண்ணைப் பெற்றவர் சேலத்துக் கடைக்குப் போய் தவணையில் எடுத்துவிடுவார். எனவே இந்த வண்டி அந்தக் காசுக்குத் தகுமா என்ற கேள்வி இளம் தம்பதிக்கு மட்டுமல்ல, அவர்களைப் பெற்றவர்களுக்கும் உரியது.

பிராம் எந்தத் தரையில் பிறந்தது என்று பார்த்தால் பாதி பதில் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் 1733-ல் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற தோட்டக்கலை வல்லுநர் வடிவமைத்ததையே முதல் குழந்தை வண்டி என்பார்கள். அது ஓடியது மாளிகைத் தோட்டத்தில். லேசான மடக்கு வண்டிக்கு 1965-ல் வழி கண்டவர் ஓவன் மக்ளாரன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரத் தாங்கியை வடிவமைப்பதில் பங்கேற்றுப் பின் ஓய்வு பெற்ற பொறியாளர். அலுமினியக் குழாய்களில், மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் செய்தார். பயணத்தில் சுலபமாகத் தூக்கிப் போக வேண்டும் என்பதே அவர் நோக்கம். இரண்டுமே சீரான பாதை உள்ள இடங்களுக்கான பொருள்கள்.

சேலம், நாமக்கல் தெருக்களும் சமதளம்தானே என்று தோன்றும். பிராமின் சக்கரத்தைக் கேட்டால் வேறு கதை சொல்லும். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் மூட்டை இறக்கும் லாரிக்கும் கடை வாசலில் நிற்கும் பைக்குக்கும் நடுவே மனிதன் நடப்பதே பெரும்பாடு. திருச்செங்கோட்டிலும் பள்ளிபாளையத்திலும் வாசற்படியை விட்டு இறங்கினாலே சாலைதான். டவுன் பஸ்ஸில் ஏறவேண்டுமானால் ஒரு கையில் பிள்ளை இருக்க, மற்றொரு கையால் வண்டி மடிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஆடம்பர வண்டி அப்படி மடியாது. மடிந்தாலும் கண்டக்டர் முகம் கோணும். விலை ஏற ஏறப் பெரும்பாலும் எடையும் ஏறும் என்பதைக் கடைக்காரர் எவரும் சொல்வதில்லை.

அதிக விலை எதற்குப் போகிறது? பெரும்பகுதி துணியின் தரம், சக்கரத்தின் ஸ்பிரிங், இருக்கையைத் தள்ளுபவர் பக்கம் திருப்பும் வசதி, பெயர் ஆகியவற்றுக்கு. பாதுகாப்புக்கு வேண்டியவை வேறு: தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று என ஐந்து முனை வார், சரிவில் அசையாமல் நிற்கும் பிரேக், தானாக மடிந்துவிடாதபடி இரட்டைப் பூட்டு, குழந்தையின் விரல் நுழையாத கீல். ஒழுங்காகச் செய்த சாதாரண விலை வண்டியில் இவை கிடைக்கும். விலை உயர்ந்ததில் இருந்தே தீரும் என்ற உறுதி கிடையாது. 2009 நவம்பரில் அதே மக்ளாரன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்பப் பெறும் நடவடிக்கையில் இறங்கியது. வண்டியை விரிக்கும்போது கீலில் விரல் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் புகார்கள் வந்திருந்தன. அவை 100 முதல் 360 டாலர் வரை விற்ற வண்டிகள், மலிவுச் சரக்கல்ல. எந்த விலை வண்டியானாலும் மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை இரண்டு கை தூரம் தள்ளி இருக்கட்டும்.

நம் ஊருக்கென்று தனியாக இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று வெயில். சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், வெயில் படாமல் இருக்கட்டும் என்று பிராமின் வாயில் துண்டைப் போட்டு மூடுவார்கள். ஸ்வீடனில் 2014-ல் ஒரு நாளிதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. 22 டிகிரியில் இருந்த வண்டியை மெல்லிய துணியால் மூடியதும் அரை மணி நேரத்தில் உள்வெப்பம் 34 ஆனது. அது ஸ்வீடன். நம் வெயிலுக்குக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று புகை. பிராமில் குழந்தையின் மூக்கு இருக்கும் உயரம் வண்டிகளின் புகைக்குழாய் உயரத்துக்கு அதிக தூரமில்லை. பிராமில் போகும் குழந்தை பெரியவர்களைவிட 60 சதவீதம் வரை கூடுதல் மாசுக்கு ஆளாகலாம் என்று பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் கணித்தார்கள். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில், பரமத்தி சாலை ஓரமாகப் பிராம் தள்ளுவதைவிடத் தோளில் போட்டு நடப்பது எவ்வளவோ மேல்.

கழுத்து நிற்காத பிள்ளையைச் சாய்ந்த இருக்கையில் தூங்க விடுவதும் ஆபத்து. தலை முன்னே தொங்கினால் மூச்சுக்குழல் மடங்கும். முழுக்கப் படுக்கவைக்க முடியாத வண்டி ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி மல்லாந்துவிடும். இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தூளியைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவும் எனக்கு மனமில்லை. கைக்குழந்தைக்குக் கெட்டியான சமப் படுக்கையே பாதுகாப்பு என்பது மருத்துவர்களின் பொதுக்கருத்து. பெரிய பிள்ளைகள் தூளிச் சேலையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்தி நம் நாளிதழ்களில் அவ்வப்போது வரத்தான் செய்கிறது. பிள்ளை தவழத் தொடங்கியதும் தூளியை அவிழ்த்துவிட வேண்டும்.

"பிராம் வாங்கினா வாக்கர் ஃப்ரீங்க" என்று ஆசை காட்டினால் வாக்கரைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து உருளும் அந்த வட்ட வாக்கரைக் கனடா 2004-லேயே தடை செய்துவிட்டது. படிக்கட்டில் உருண்டு மண்டை உடைந்த குழந்தைகள் அங்கே அத்தனை பேர். நம் மர நடைவண்டி வேறு ரகம். பிள்ளை எழுந்து நின்றால்தான் அது நகரும். பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளையின் கடைசிப் பருவத்துக்குச் சிறுதேர்ப் பருவம் என்று பெயர் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் பிராமே வேண்டாமா? சிலருக்கு வேண்டும். இரட்டைப் பிள்ளை பெற்றவர்கள், அறுவைச் சிகிச்சைப் பிரசவத்துக்குப் பின் பளு தூக்கக் கூடாத தாய், மூட்டுவலியோடு பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, நடக்க இயலாத பிள்ளையை வாரந்தோறும் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் பெற்றோர் ஆகியோருக்கு இது ஆடம்பரமில்லை. லிஃப்டும் உள்சாலையும் உள்ள அடுக்ககத்தில் குடியிருந்து மாலையில் உலாத்துபவர்களுக்கும் பயன்படும். இவர்களுக்கும் ஐந்து, ஆறாயிரத்தில் கிடைக்கும் ஒரு லேசான மடக்கு வண்டியே போதும் என்பது என் தீர்ப்பு. நடக்கப் பழகிய பிள்ளை அதில் உட்காரவே மறுக்கும். பயன்பாடு ஒன்றரை, இரண்டு வருடம்தான்.

மிச்சப் பணத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், பிள்ளை உண்மையில் எதில் பயணம் போகிறதோ அதில். நம் பகுதியில் அது பைக்கும் காரும். மனைவி மடியில் பிள்ளை, நான்கு வழிச்சாலையில் சேலத்திலிருந்து சங்ககிரிக்கு எண்பதில் போகும் காரில் முன்சீட்டில். முப்பதாயிரத்துக்குப் பிராம் வாங்கிய வீட்டிலும் காருக்குக் குழந்தை இருக்கை இருப்பதில்லை. விபத்தில் குழந்தைகள் இறப்பதை இந்த இருக்கை குறைந்தது 60 சதவீதம் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை வாரோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் கொண்டுபோனால் 1,000 ரூபாய் அபராதம். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய இருக்கை, அதுவும் பின்சீட்டில். காற்றுப்பை இயங்கும் முன்சீட்டில் அதை வைப்பது உயிருக்கே ஆபத்து. பெட்டியில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். பைக்குக்கும் விதி உண்டு. 2023 பிப்ரவரி 15 முதல், 9 மாதம் முதல் 4 வயது வரையிலான பிள்ளைக்கு ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் தலைக்கவசமும் கட்டாயம். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒன்பது மாதத்துக்குக் கீழ் உள்ள பிள்ளையைப் பைக்கில் ஏற்றாமல் ஆட்டோ பிடியுங்கள். பிராமில் மிச்சம் பிடித்த பணத்தில் எத்தனை ஆட்டோ போகலாம்!

இனி, வாங்கித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு. பெட்டியில் அதிகபட்ச விலை, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, மாதமும் ஆண்டும், புகார் எண் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 1888 அல்லது அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். எஃப்833 குறிப்பிடப்பட்டிருந்தால் நல்லது. வண்டியில் தொங்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கலாம், பொம்மைகளுக்கு 2021 முதல் அது கட்டாயம். அந்த முத்திரை வண்டிக்கான சான்றாகாது. ஆன்லைனில் "இன்னும் இரண்டே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் 2023 நவம்பர் 30 முதல் தடை செய்யப்பட்ட தந்திரங்கள். துபாயிலிருந்து மச்சான் கொண்டுவரும் வண்டியானால் மாடல் பெயரைப் போட்டு அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். திரும்பப் பெறப்பட்டதென்றால் அங்கே தெரிந்துவிடும்.

என் மகளுக்கு வாங்கிய வண்டியின் பிரேக் பத்தாம் நாளே நழுவியது. கடைக்குப் போனபோது, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் காட்டினார் கல்லாவில் இருந்தவர். அப்போது எனக்குச் சட்டம் தெரியாது, திரும்பி வந்துவிட்டேன். இன்றைக்கு அந்தப் பலகை செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ரசீது தராததும் அப்படியே. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மாமியாருக்கு வேண்டாமாம் என்பதெல்லாம் குறையில் சேராது. வண்டிக் கோளாறால் பிள்ளைக்குக் காயம் பட்டால் தயாரிப்பாளரிடமும், சூழலைப் பொறுத்து விற்றவரிடமும் இழப்பீடு கேட்க அதே சட்டத்தில் தனி அத்தியாயமே இருக்கிறது.

சீராக வந்த வண்டிக்கு யார் புகார் கொடுப்பது? வாங்கியவர் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டத்தின் கண்ணில் நுகர்வோரே. ரசீது மாமனார் பெயரில் இருந்தாலும் மகளோ மருமகனோ புகார் தரலாம். முதலில் கடைக்கோ நிறுவனத்துக்கோ எழுத்தில் கொடுங்கள். ஆன்லைன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, கட்டணமில்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், சேலத்திலும் உண்டு, நாமக்கல்லிலும் உண்டு. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நாலாயிரம் ரூபாய் வண்டிக்கும் நாற்பதாயிரம் ரூபாய் வண்டிக்கும் உரிமை ஒன்றே.

வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. கடை ரசீது பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவது. நம் ஊர் வெயிலுக்கு அதன் எழுத்து ஆறு மாதம் தாங்குவதே சந்தேகம். வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.