வேப்பிங் எச்சரிக்கையும் பதின்பருவ மனமும்

வேப் எனப்படும் மின்சிகரெட்டைத் தொடாதே என்று சொல்லும் எல்லா விளம்பரங்களும் ஒரே பலனைத் தருவதில்லை. சில விளம்பரங்கள் பதின்பருவத்தினரை யோசிக்க வைக்கின்றன. சில அவர்கள் காதிலேயே ஏறுவதில்லை. சில, நினைத்ததற்கு நேர்மாறான பலனையும் தந்திருக்கின்றன. இதை மிக விரிவாக ஆராய்ந்த நாடுகளில் முதன்மையானது அமெரிக்கா, பாதிப்பு அங்கே அவ்வளவு பெரிதாக இருந்ததால்தான். பென்டிரைவ் வடிவத்தில், பழச் சுவைகளுடன் 2015இல் ஜூல் என்ற மின்சிகரெட் சந்தைக்கு வந்தது. 2019இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர், முந்தைய 30 நாட்களுக்குள் மின்சிகரெட் பிடித்ததாகத் தேசிய இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில் சொன்னார்கள். 2024இல் அது 7.8 சதவீதமாக இறங்கியது. விற்பனை வயதை 21 ஆக உயர்த்தியது, சுவையூட்டிய குப்பிகள் மீதான நடவடிக்கை, பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தது என்று இந்தச் சரிவுக்குப் பல காரணங்கள் உண்டு. விழிப்புணர்வுப் பிரசாரமும் அவற்றில் ஒன்று.

சிகரெட் காலத்திலேயே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1998இல் பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் நிறுவனமே, யோசி, புகைக்காதே என்று இளையோருக்கு அறிவுரை சொல்லும் விளம்பரங்களை வெளியிட்டது. 2000இல் அமெரிக்கா முழுவதும் தொடங்கிய ‘ட்ரூத்’ பிரசாரம் அறிவுரையே சொல்லவில்லை. புகையிலை நிறுவனங்கள் எதை மறைத்தன, யாரைக் குறிவைத்தன என்ற உண்மைகளை மட்டும் வெளியே வைத்தது. 2002இல் வெளியான ஆய்வு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. ட்ரூத் விளம்பரங்களைப் பார்த்தவர்களிடம் புகையிலைக்கு எதிரான மனநிலை வலுத்திருந்தது. நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்தவர்களிடமோ அந்தத் தொழில்மீது நல்லெண்ணமும், புகைத்துப் பார்க்கும் எண்ணமும் சற்றுக் கூடியிருந்தன. தங்களை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் பதின்பருவத்தினர் எதிர்த்து நிற்கிறார்கள். ‘இதைச் செய்யாதே’ என்ற கட்டளைக்கும் அதே எதிர்ப்பைத்தான் காட்டுகிறார்கள்.

மின்சிகரெட்டிலும் ஏறத்தாழ இதுவே நடந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 செப்டம்பரில் ‘தி ரியல் காஸ்ட்’ என்ற பிரசாரத்தை மின்சிகரெட்டுக்கும் விரிவுபடுத்தியது. மாணவர்கள் ஒளிந்து வேப் பிடிக்கும் இடமான பள்ளிக் கழிப்பறைகளிலேயே சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அந்த விளம்பரங்களைத் தொடர்ந்து பார்த்த இளையோரிடம் வேப்பிங்கில் இறங்கும் வாய்ப்பு குறைந்ததை 2022இல் வெளியான சோதனை ஆய்வு காட்டியது. உடலுக்கு என்ன கெடுதல், எந்த நச்சு உள்ளே போகிறது, நிக்கோட்டின் எப்படி ஆளைப் பிடித்துக்கொள்கிறது என்று ஒரு விளைவைத் தெளிவாகக் காட்டும் படங்களும் வாசகங்களும் எடுபடுகின்றன. பெரியவர்கள் வலிந்து எழுதும் இளசுகளின் கொச்சை, மீம், ஹேஷ்டேக் ஆகியவை எடுபடுவதில்லை. வண்ணவண்ணப் பழங்களையும் அழகான புகை வளையத்தையும் காட்டும் எச்சரிக்கையும் அப்படித்தான். பொருளை வெறுக்கச் சொல்லிக்கொண்டே அதை அழகாகக் காட்டினால் யார் நம்புவார்கள்?

மிகைப்படுத்துவதுதான் இதில் பெரிய தவறு. 2019இல் அமெரிக்காவில் வேப்பிங் சார்ந்த நுரையீரல் பாதிப்பால் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 68 பேர் இறந்தார்கள். முக்கியக் காரணம், கஞ்சாச் சத்து கலந்த குப்பிகளில் சேர்க்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘ஒரு இழுப்பு இழுத்தால் சாவுதான்’ என்று பயமுறுத்தினால், தினமும் இழுத்தும் நலமாக இருக்கும் நண்பனைப் பார்க்கும் பிள்ளை மற்ற எச்சரிக்கைகளையும் சேர்த்தே தள்ளிவிடும். உள்ள ஆபத்தே போதுமான அளவு பெரியது. மூளை ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. அந்தக் காலத்தில் உள்ளே போகும் நிக்கோட்டின் கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது; அடிமைத்தனத்தை விரைவாக வேரூன்றச் செய்கிறது. மின்சிகரெட்டின் ஆவியில் ஃபார்மால்டிஹைடும் நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்களும் இருக்கின்றன. வேப் பிடிக்கும் இளையோர் பின்னாளில் சிகரெட்டுக்குப் போகும் வாய்ப்பு கூடுதல் என்று அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2018ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

ஏற்கெனவே பழக்கத்தில் விழுந்துவிட்ட பிள்ளைக்குச் சுவரொட்டியால் பயன் குறைவு. எரிச்சல், தூக்கமின்மை, படிப்பில் மனம் நிற்காமை ஆகியவை பெரும்பாலும் நிக்கோட்டின் இல்லாததால் வரும் தவிப்பு. திமிர் என்று அவற்றைத் தண்டிப்பது நியாயமும் அல்ல, பலனும் தராது. பள்ளியை விட்டு இடைநீக்கம் செய்தால் அந்தப் பிள்ளை கூடுதலாக ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவில் கைப்பேசிக் குறுஞ்செய்திகள் வழியாக ஆறுதலும் யோசனையும் தரும் ஒரு திட்டம், 13 முதல் 17 வயதினரிடம் சோதிக்கப்பட்டது. ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோது, அதில் சேர்ந்தவர்களில் 37.8 சதவீதம் பேர் வேப்பிங்கை விட்டிருந்தார்கள். சேராத குழுவில் 28 சதவீதம் பேர். 2024இல் வெளியான இந்த முடிவு, கூடவே நின்று பேசினால் பிள்ளைகள் மீள்கிறார்கள் என்பதற்குச் சான்று.

இந்தியாவில் சட்டம் இன்னும் கடுமையானது. 2019ஆம் ஆண்டின் மின்சிகரெட் தடைச் சட்டப்படி தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. சேமித்து வைப்பதற்கும் ஆறு மாதம் வரை தண்டனை உண்டு. இந்தச் சட்டம் குறிவைப்பது விற்பவரையும் பரப்புபவரையும். சொந்தப் பயன்பாட்டுக்கென்று அதில் தனித் தண்டனை இல்லை. எனவே பிள்ளையின் பையில் வேப் கிடைத்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதை விற்றது யார் என்பது. கடைமீதும் இணைய விற்பனையாளர்மீதும் பெற்றோரும் பள்ளியும் காவல்துறையில் புகார் கொடுக்கலாம். பழக்கத்தை விட உதவி தேவைப்பட்டால் 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும். பிள்ளையே நேரடியாக அழைத்துப் பேசலாம்.