மடிக்கணினி பழுதும் வளைகுடா அழைப்பும்

வளைகுடாவில் உழைக்கும் சகோதரர்களோடு மடிக்கணினி வழியே பேசிப் பழகிய வீடுகளில், அது பழுதானால் பேச்சே நின்றுவிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ கடைக்குத் தூக்கிச் செல்லும் முன் நாம் கவனிக்க வேண்டியவை சில.

குரல் கேட்காததெல்லாம் பழுதல்ல. மைக், கேமரா அனுமதி செட்டிங்ஸில் அணைந்திருக்கலாம். ஸ்கைப் திறக்கவில்லையா? 2025 மே 5 அன்று மைக்ரோசாப்ட் அச்சேவையையே நிறுத்திவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குத் தடை உண்டு. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிகளே வழி. விபிஎன் போட்டுப் பேசச் சொல்லி அங்கிருப்பவரை வற்புறுத்த வேண்டாம். விபிஎன் மூலம் குற்றம் செய்தால் அந்நாட்டுச் சட்டப்படி குறைந்தபட்ச அபராதமே 5 லட்சம் திர்ஹம்.

உண்மையிலேயே பழுது என்றால், குடும்பப் படங்களை முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்வோம். அழித்த படங்களையும் மீட்டெடுக்க முடியும் என்பதால், திரையோ கீபோர்டோ மட்டும் மாற்றுவதாக இருந்தால், ஹார்டு டிஸ்க்கை நம் முன்னிலையில் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்வது நல்லது. கணினி இயங்காவிட்டாலும், கைபேசி வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குச் சென்று அதை வெளியேற்றிவிடலாம்.

கடைக்காரரிடம் நம் பொருள் அமானிதம்தான். ஆனால் வீட்டாரின் கண்ணியத்தைக் காப்பது முதலில் நம் பொறுப்பு.