தேனும் மழலையர் இருமலும்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மழலையர் உள்ள இல்லங்களில் இரவு உறக்கம் குறைந்துவிடுகிறது. இருமும் குழந்தையை மடியில் கிடத்தித் தாய் விழித்திருக்கிறாள். இல்லத்து மூத்தோர் தேன் கொடுக்கச் சொல்வர். மருந்துக்கடைக்காரரோ இருமல் மருந்துக் குப்பி ஒன்றை எடுத்துத் தருவார். இவ்விரண்டில் எதனைக் கொள்வது? தேன் உண்மையிலேயே இருமலைத் தணிக்கின்றதா, அன்றி அது வெறும் நம்பிக்கைதானா? இவ்வினாக்களுக்கு மரபும் அறிவியலும் தரும் விடையை ஈண்டு காண்போம்.

மறையும் மரபும்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரால் 'அந்நஹ்ல்' என வழங்குகிறது. அதன் 68, 69ஆம் வசனங்கள், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிப்படும் பல நிறப் பானத்தில் மனிதர்க்கு நோய் நிவாரணம் உண்டென அறிவிக்கின்றன. சிந்திக்கும் மக்களுக்கு இதில் சான்று உண்டு என்றும் முடிக்கின்றன. வயிற்று நோயால் வருந்திய ஒருவருக்குத் தேன் புகட்டுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது.

தமிழ் மருத்துவ மரபிலும் தேனுக்குத் தனியிடம் உண்டு. சித்த மருத்துவர்கள் அதனை 'அனுபானம்', அஃதாவது மருந்தோடு சேர்த்து உட்கொள்ளும் துணைப்பொருள் என்பர். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் சேர்ந்த திரிகடுகுச் சூரணத்தைத் தேனிற் குழைத்து உண்பது கபத்திற்குரிய பழைய முறை. இம்மூன்று மருந்துப் பொருள்களின் பெயரையே நல்லாதனார் தம் நீதிநூலுக்குச் சூட்டினார் என்பது தமிழ் மாணவர் அறிந்ததே.

தேன் செயற்படும் விதம்

குழந்தைகளுக்கு வரும் இருமலுள் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் விளையும் சளியின் பகுதியே. அவை ஓரிரு வாரங்களில் தாமே தணிந்துவிடும். இத்தகைய இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பயன்படா. இருமல் என்பது நோயன்று. மூச்சுக்குழலில் சேரும் சளியை வெளியேற்ற உடல் கைக்கொள்ளும் ஒரு காவல் முறை. ஆயினும் இரவெல்லாம் இருமினால் குழந்தையும் உறங்காது, பெற்றோரும் உறங்கார்.

தேன் பிசுபிசுப்பு உடையது. புண்பட்ட தொண்டையின் மேல் மெல்லிய படலம்போல் படிந்து எரிச்சலைக் குறைக்கிறது. அதன் இனிப்பு உமிழ்நீரைப் பெருக்கித் தொண்டையை நனைக்கிறது. எனவே தேன் இருமலைத் தணிக்கிறதே தவிர, சளியை உண்டாக்கிய கிருமியை ஒழிப்பதில்லை. இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் வேண்டும்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 2 முதல் 18 வயது வரையிலான 105 பேரிடம் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. உறங்கச் செல்லுமுன் ஒரு பிரிவினர்க்குத் தேனும், மற்றொரு பிரிவினர்க்குத் தேன்சுவை ஊட்டிய டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்னும் இருமல் மருந்தும் தரப்பட்டன; மூன்றாம் பிரிவினர்க்கு எதுவும் தரப்படவில்லை. தேன் உண்ட குழந்தைகளே மிகுதியாக நலம் பெற்றதாகப் பெற்றோர் மதிப்பிட்டனர். 2012ஆம் ஆண்டு இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளிடம், மூவகைத் தேனும் பேரீச்சம்பழச் சாறும் ஒப்பிடப்பட்டன. அனைவருக்கும் இருமல் குறைந்தது. தேன் உண்டவர்க்கு மேலும் குறைந்தது.

இவை போன்ற ஆறு ஆய்வுகளை, அவற்றில் பங்குகொண்ட 899 குழந்தைகளின் விவரங்களோடு, காக்ரேன் அமைப்பினர் 2018இல் தொகுத்து நோக்கினர். மருந்து எதுவும் தராமல் விடுவதைவிடத் தேன் பயன் தரக்கூடும் என்றும், டெக்ஸ்ட்ரோமெத்தார்பனோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு இல்லை என்றும், மூன்று நாள்களுக்கு மேற்பட்ட பயனுக்கு உறுதியான சான்று இல்லை என்றும் கூறினர். ஆகவே தேனின் பயன் உண்மை, ஆனால் அளவானது.

குப்பி மருந்தின் அபாயம்

கடையில் விற்கும் இருமல் மருந்து தேனைவிடச் சிறந்ததென மெய்ப்பிக்கப்படவில்லை. அதன் அபாயமோ சிறிதன்று. 2022இல் காம்பியா நாட்டிலும், 2025இல் நம் நாட்டின் மத்தியப் பிரதேசத்திலும், டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கலந்த மருந்தை அருந்திய பச்சிளங் குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தனர். மத்தியப் பிரதேசத்தில் பயன்பட்ட அம்மருந்து தமிழகத்திலேயே தயாரிக்கப்பட்டது என்பது நம் நெஞ்சைச் சுடும் செய்தியாகும். இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து தரலாகாது என நடுவண் அரசின் சுகாதாரத் துறை அவ்வாண்டே அறிவுறுத்தியது.

மீறக்கூடாத எல்லை

தேனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனை ஒரு துளியும் தருதல் கூடாது. தேனில் 'கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம்' என்னும் நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியோர் குடலில் அவை முளைப்பதில்லை. முதிராத குடலையுடைய சிசுவிடம் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. மலச்சிக்கல், மெலிந்த அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, உடல் தளர்ச்சி என நோய் வளர்ந்து மூச்சையே நிறுத்தவும் கூடும். இது அரிதான நோயே, ஆயினும் கொடியது. வீட்டில் தேனைக் காய்ச்சுவதால் அவ்வித்துகள் அழிவதில்லை. சூரணத்தைத் தேனிற் குழைத்துத் தருவதற்கும் இவ்விதி பொருந்தும்.

பிறந்த குழந்தைக்குச் 'சேனை' தொட்டு வைக்கும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உண்டு. முஸ்லிம் இல்லங்களில் 'தஹ்னீக்' என்னும் பெயரால் தேனைத் தடவுவோரும் உளர். ஆனால் நபிகளார் (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவியதாகவே ஹதீஸ்கள் கூறுகின்றன. ஆதலின் சிசுவிற்குத் தேனைத் தவிர்ப்பது நபிவழியைக் கைவிடுவது ஆகாது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே பொறுப்பாளி என்னும் நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. சமுதாயப் பெரியோர் இதனைத் தாய்மார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.

கொடுக்கும் முறை

1 முதல் 5 வயது வரை அரைத் தேக்கரண்டி, 6 முதல் 11 வரை ஒன்று, அதற்கு மேல் இரண்டு என உறங்குமுன் கொடுக்கலாம். பின்னர்ப் பல் துலக்குதல் நன்று. தேன் தூயதாய் இருத்தல் இன்றியமையாதது. 2020இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ஆராய்ந்த 13 வணிகத் தேன் வகைகளுள் மூன்றே எல்லாச் சோதனைகளிலும் தேறின.

குழந்தை ஒரு வயதிற்குள் நிமிடத்திற்கு 50 முறையோ, 1 முதல் 5 வயதிற்குள் 40 முறையோ, அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலும், விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், நீர் அருந்த மறுத்தாலும் தேனை நம்பிக் காத்திராது உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் காசநோயோ ஆஸ்துமாவோ எனச் சோதித்தறிதல் நலம்.

முடிவுரை

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே மருத்துவம் செய்க என்பது 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் நெறி. தேனைப் பற்றிய இறைவசனமும் சிந்திப்போரை நோக்கியே பேசுகிறது. ஆகவே ஓராண்டு நிறைந்த மழலையின் இரவு இருமலுக்கு மூத்தோர் தரும் தேன் நல்ல துணை. ஓராண்டு நிறையாத சிசுவிற்கு அது தீங்கு. இரண்டையும் பிரித்தறிந்து நடப்பதே அவ்வசனம் வேண்டும் சிந்தனைக்கு நாம் செய்யும் சிறப்பாகும்.